ஈட்டிமேட்டு ஏற்றமும் சூசையப்பனின் பித்தளை வால்வும்

சூசையப்பன் கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு, அது கொடுத்தபடியே திரும்பி வரும் என்று நினைத்தால் தப்பு கொடுத்தவர்கள் மேல்தான். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருமுறை மிக்சியைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். சரியாகித்தான் வந்தது. ஆனால் சட்னி அரைக்கும்போது மூடியை ஒருவரும் மிக்சியை இன்னொருவரும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "முன்னவிட வேகமாச் சுத்துதுல்லா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார் மனிதர். மாதா கோயிலில் ஓடாமல் கிடந்த மின்விசிறியை அவர் சரிசெய்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பீடத்தில் ஒரு மெழுகுவர்த்திகூட எரியவில்லை.

பிறந்தது லயத்தில். வளர்ந்தது, கல்யாணம் முடித்தது, பிள்ளை பெற்றது எல்லாம் அதே லயத்தில். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். மகன் தேயிலை ஃபாக்டரியில் கூட்டுவதற்கும் பெருக்குவதற்கும் சேர்ந்து, ரோலருக்குக் கிரீஸ் போடுகிறவனாகி, கடைசியில் ஃபிட்டர் ஆனார். இலையை உருட்டும் ரோலர்களில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று ரோட்டில் நடந்து போகும்போதே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார் என்று எஸ்டேட்டில் பேச்சு. அதில் பாதி உண்மை. மீதி அவரே சொல்லிப் பரப்பியது.

இந்த மனிதருக்குச் சர்வீஸ் முடிந்தது. சர்வீஸ் முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்து சாவியைக் கம்பெனியில் ஒப்படைக்க வேண்டும், அதுதான் சட்டம். அவர் வயதுக்காரர்கள் பலர் மூட்டை முடிச்சுகளோடு போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கி, அப்பன் பாட்டன் ஊர் என்று கேள்விப்பட்டதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஊர்களில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். சூசையப்பனுக்கு அது ஆகாது. "எனக்கு வெயிலு ஒத்துக்காது வே. என் ஊரு இதுதான்" என்று அடித்துச் சொன்னார். பூப்பாறைக்குப் பக்கத்தில் ஈட்டிமேட்டில் ஏலக்காய்த் தோட்டத்தின் ஓரமாகக் கொஞ்சம் நிலம் கிடைத்தது. சர்வீஸ் முடிவதற்குள் கல்லும் மண்ணும் சுமந்து, இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டை எழுப்பியும் விட்டார். தகரக்கூரை இல்லை, கான்கிரீட் கூரை வார்த்த வீடு. நினைக்க நினைக்க அவருக்கே நெஞ்சு நிமிரும்.

வீட்டில் ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் அதற்குப் போகிற வழியில். தார் ரோட்டிலிருந்து மேலே பிரிகிற கான்கிரீட் பாதை சுவர் மாதிரி செங்குத்து. நடுவில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே பாதை திரும்புவதும் எழும்புவதும் ஒரே இடத்தில். ஜீப்புகள் உறுமிக்கொண்டு ஏறிவிடும். சூசையப்பனிடம் இருந்ததோ பழைய டீசல் கார். அவர் மட்டும் தனியாகப் போனால் எப்படியோ முக்கி முனகி ஏறும். பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்தால் வளைவில் கரும்புகை கக்கிக்கொண்டு நின்றுவிடும். வாடகை ஜீப்காரர்களோ பகலில் மனசிருந்தால் வருவார்கள், மழை பெய்தால் போனையே எடுக்க மாட்டார்கள்.

இந்த விஷயத்தில்தான் கத்தரீனாள் உறுதியாக நின்றாள். அவருடைய மனைவி. எஸ்டேட்டில் கொழுந்து பறித்தே ஆயுசில் பாதியைக் கழித்தவள். முதுகில் சாக்கோடு சரிவுகளில் ஏறி இறங்கி இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. அஸ்திவாரம் தோண்டிய நாளில் வந்து பார்த்தவள், அதற்குப் பிறகு அந்த மேட்டுப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

"நீங்க கட்டுன வீடு உங்களுக்கு" என்றாள். "வண்டி என்னைய வாசல்ல கொண்டு போயி இறக்குனா வாரேன். இல்லன்னா பாவூர்சத்திரத்துல அக்கா வீட்டுக்குப் போயிருதேன். நீங்க மேட்டுல தனியா உக்காந்து ஸ்பேனரு புடிங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல. பாவூர்சத்திரத்து அக்காவிடம் போனில் பேசி, ஓர் அறையைச் சுத்தம் செய்துவைக்கச் சொன்னதைச் சூசையப்பன் தன் காதாலேயே கேட்டார். மாதக் கடைசியில் லயத்துச் சாவியைக் கொடுத்தாக வேண்டும். அதற்குள் கார் ஏறாவிட்டால், இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் சண்டை போட்டு வாழ்ந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் போய் உட்கார வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஏற்றத்தின் அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் பெரியமுத்து எளிதாக ஒரு யோசனை சொன்னார். "அந்தப் பெட்டியத் தள்ளிவிட்டுட்டு ஒரு ஜீப்பு வாங்குமே வே."

"வீடு எல்லாத்தையும் முழுங்கிட்டு. ஜீப்புக்கு எங்க போக?"

"அப்ப மயினிய டோலி கட்டித் தூக்கிட்டுப் போவும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் சூசையப்பனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நேராகப் போனது ராஜாக்காட்டுக்கு, ஜோபியின் வொர்க்‌ஷாப்புக்கு. ஜோபி முப்பது வயது மலையாளி, சூசையப்பன் மேல் பிரியமுள்ளவன். இவர்கள் இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும்! ஜோபிக்குத் தன் தமிழைப் பற்றி ரொம்பப் பெருமை, அதனால் சூசையப்பனிடம் தமிழில்தான் பேசுவான். சூசையப்பனுக்குத் தன் மலையாளத்தைப் பற்றி அதைவிடப் பெருமை, அதனால் ஜோபியிடம் மலையாளத்தில்தான் பேசுவார். வாசலில் நின்று கேட்கிறவர்களுக்கு யார் தமிழர் யார் மலையாளி என்று குழம்பிப் போகும். ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை அது என்று இருவருக்கும் நினைப்பு.

ஜோபி காரின் முன்மூடியைத் திறந்து காட்டினான். "அண்ணே, மலை மேல காத்து லேசு. வண்டிக்கு மூச்சு முட்டுது. அதான் புகை."

அவன் சொன்ன விஷயம் சிக்கலானதல்ல. அந்தக் காரில் ஒரு சின்ன டர்போ உண்டு. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது அதன் வேலை. அழுத்தம் ஓர் அளவுக்கு வந்ததும் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று அந்தச் சேதியைப் பக்கத்தில் இருக்கும் சின்ன டப்பாவுக்குக் கொண்டு போகும். டப்பா ஒரு கதவைத் திறந்துவிடும், டர்போ அடங்கிவிடும். அந்த ரப்பர் குழாயின் நடுவில் விரல் நீளப் பித்தளை வால்வு ஒன்றைச் செருகினால் சேதி கொஞ்சம் தாமதமாகப் போகும். டர்போ இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளும். வால்வின் தலையில் ஒரு திருகு உண்டு. அதை இறுக்க இறுக்கக் காற்று கூடும். வீட்டு வாசலிலேயே மாட்டிவிடலாம். சட்டப்படி இதெல்லாம் சரியா என்று கேட்காதீர்கள், சூசையப்பன் கேட்கவில்லை.

"காத்து கூடிப்போனா?" என்று மட்டும் கேட்டார், மலையாளத்தில்.

"குழாய் பறக்கும். அதுக்குத்தான் மீட்டர் தர்றேன். முள்ளு சிவப்புக் கோட்டைத் தொடக்கூடாது." வால்வையும், காற்றழுத்தம் காட்டும் ஒரு சின்ன மீட்டரையும் பொட்டலத்தில் போட்டுக் கொடுத்தான் ஜோபி. ஞாயிற்றுக்கிழமை தானே வந்து மாட்டித் தருவதாகத்தான் முதலில் சொன்னான். ஆனால் பாலா என்ற ஊரில் மைத்துனன் குழந்தைக்கு ஞானஸ்நானம் வைத்துவிட்டார்கள், போகாவிட்டால் மனைவி விடமாட்டாள்.

"நீ போய்ட்டு வா மோனே. ஃபாக்டரியையே ஓட்டின ஆளு ஞான்" என்றார் சூசையப்பன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வெள்ளை வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பழைய ஃபாக்டரி நிக்கரோடு காருக்குள் தலையை விட்டார். லயத்தில் பாதி பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். எஞ்சின் ஆறியிருந்தது. மெல்லிய குழாயைக் கண்டுபிடித்து நடுவில் வெட்டினார். பித்தளை வால்வின் இரு மூக்கிலும் குழாயைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கினார். சூடான இடத்தில் உரசாமல் கம்பியால் கட்டினார். இதுவரை யாரும் குறை சொல்ல முடியாத வேலை. ஃபிட்டர் ஃபிட்டர்தான்.

குறை மீட்டரில் வந்தது. அதை மாட்டத் தனியாக ஒரு குழாய் இழுத்து, டேஷ்போர்டில் துளை போட்டு... அப்பப்பா! "மீட்டரு எதுக்கு? காது இருக்கு" என்று பொட்டலத்தோடு பின்சீட்டில் தூக்கிப் போட்டார். கொஞ்சம் பொறுமை இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

திருகை இரண்டு சுற்று இறுக்கிவிட்டு, போதுமா என்று கேட்க ஜோபியைக் கூப்பிட்டார். லயத்தில் தண்ணித் தொட்டியின் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் இழுத்து இழுத்து. அந்தப் பக்கம் ஞானஸ்நான வீட்டின் ஆரவாரம்.

"மோனே, எல்லாம் கழிஞ்ஞு! திருகு ரெண்டு சுத்து திருகி. மதியோ?"

"ரெண்டு சுத்தா? ஐயோ அண்ணே! கொறச்சுத் திருகுங்க. கொறச்சுத் திருகிட்டு ஓட்டிப் பாருங்க..." லைன் அறுந்துபோனது.

இங்கேதான் சூசையப்பனின் மலையாளப் பாண்டித்தியம் காலை வாரியது. மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் ஒருவர் இதைக் கேட்டிருந்தால், இறுக்கியது அதிகம், குறைத்துவிடச் சொல்கிறான் என்று புரிந்துகொண்டு போயிருப்பார். ஆனால் மலையாளத்தில் 'கொறச்சு' என்றால் 'கொஞ்சம்'. சொன்னவன் மலையாளி. 'கொஞ்சம் திருகுங்க, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி' என்று எடுத்துக்கொண்டார் நம்மவர். நடுவில் அந்த 'ஐயோ' எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஜோபி சொன்னதற்காக ஒரு சுற்று இறுக்கினார். தன் பங்குக்கு இன்னும் அரைச் சுற்று சேர்த்து இறுக்கினார்.

பூப்பாறை ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் கார் துள்ளிக்கொண்டு போகிறது. புகையே இல்லை. கியரை மாற்றாமலே சின்னச் சின்ன ஏற்றங்களைத் தாண்டியது. டர்போ விசிலடிக்கும் சத்தத்தைக் கேட்டு மனிதர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். திரும்பி வந்து வாசலில் ஹாரனை அழுத்தி, "ஏட்டி கத்தரீனா! வா, ஏறு!" என்று கத்தினார்.

அவள் நல்ல சேலையை மாற்றிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பெரியமுத்துவின் கடையைக் கடந்து கார் கான்கிரீட் பாதையில் ஏறியது. முதல் பாதி அருமை. வளைவு வந்தது. சூசையப்பன் முதல் கியரைப் போட்டு ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினார். விசில் கிறீச்சென்று உச்சத்துக்குப் போனது, அதற்கு மேலும் போனது. அப்புறம் 'படார்' என்று ஒரு சத்தம். கீழே பெரியமுத்து யாரோ பன்றிக்கு வெடி வைத்துவிட்டதாக நினைத்துக் கடைக்கு வெளியே ஓடிவந்தாராம். காருக்குப் பின்னால் மேடே தெரியாத அளவுக்குக் கரும்புகை. எஞ்சின் இருமிக்கொண்டு நின்றது.

"ஏசுவே! மாதாவே!" என்று அலறினாள் கத்தரீனாள்.

சூசையப்பன் பிரேக்கில் ஏறி நின்றார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் குதித்து இறங்கி, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். மூடியைத் திறந்தால், டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய் கிளிப்பைப் பிய்த்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. தான் தோற்றுப்போனது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கத்தரீனாள் இறங்கினாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். கீழ்ப்பக்கம் பார்த்தாள், மேல்பக்கம் பார்த்தாள். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு மேல்பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.

"ஏட்டி... வீடு அங்கிட்டுல்லா இருக்கு. லயம் இங்கிட்டு."

"எனக்குத் தெரியாதா? எறங்குனாத்தான் முட்டு உயிர் போகும். ஏறுனா அவ்வளவு இல்ல. பேசாம வாங்க."

நின்று நின்று, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். அவர் நாலடி பின்னால் குற்றவாளி மாதிரி வந்தார். மேலே போனதும் சாவியை வாங்கித் தானே வீட்டைத் திறந்தாள். அறை அறையாகப் பார்த்தாள். சமையல் மேடை அவள் உயரத்துக்குச் சரியாக இருந்தது, குனிய வேண்டாம். குழாயைத் திறந்தால் ஊற்றுத் தண்ணீர் சில்லென்று விழுந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"வீடு நல்லாத்தான் இருக்கு" என்றாள். "அதான் எனக்கு ஆத்திரமா வருது."

சூசையப்பன் ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"என் கால் வலிக்குன்னா நான் வண்டி கேட்டேன்? கால் கெடக்கட்டும். எங்க அம்மைய நெனப்பிருக்கா உங்களுக்கு? மேல் டிவிஷன்ல இருந்து நாலு பேரு கம்பளியில கட்டித் தூக்கிட்டு வந்தீங்க. நீங்களும் ஒரு பக்கம் தூக்குனீங்க. ஆஸ்பத்திரி கூரை கண்ணுக்குத் தெரியுது. தெரியும்போதே உயிரு போயிட்டு. வழி நெடுக அம்மை என்ன சொன்னா தெரியுமா? 'மெதுவா, மெதுவா'ன்னா. எனக்கு அப்படிச் சாகப் பயமா இருக்குங்க. வீட்டு வாசலுக்கு வண்டி வரணும். அவ்வளவுதான் நான் கேக்கேன்."

இத்தனை வருஷத்தில் அவள் இதைச் சொன்னதே இல்லை. சூசையப்பனுக்குத் தன் தோளில் அன்றைக்கு அழுந்திய கம்பின் கனம் ஞாபகம் வந்தது. "தப்பு என் பேர்லதான் கத்தரீனா" என்றார். சாயங்காலம் ஒரு ஜீப்காரனைக் கெஞ்சிக் கூப்பிட்டு அவளை லயத்துக்கு அனுப்பிவைத்தார். பாவூர்சத்திரத்துக்குப் போவதைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஜோபி வந்தான். வளைவில் நின்ற காரின் மூடியைத் திறந்து வால்வின் திருகைப் பார்த்தவன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"அண்ணே, ரெண்டு சுத்தே அதிகம்னு சொன்னேன். இது இதுக்கு மேல இறுக இடமே இல்லாம நிக்குது!"

"நீயல்லே கொறச்சு திருகான் பறஞ்ஞது?" நீதானே திருகச் சொன்னாய் என்று மலையாளத்திலேயே கேட்டார் சூசையப்பன்.

"ஆமா. கொறச்சு. கம்மியா!"

"கொறச்சுன்னா கொஞ்சமில்லயா?"

ஜோபிக்கு மெல்லப் புரிந்தது. "அண்ணே! நான் தமிழ்லதானே சொன்னேன்!"

"அட பாவி! நான் மலையாளத்துலதான கேட்டேன்!"

ஜோபி காரின் பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். சூசையப்பனுக்கு முதலில் சுருக்கென்றிருந்தது, அப்புறம் அவருக்கும் அடக்க முடியவில்லை. இத்தனை வருஷமாக ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதை ஒரு ரப்பர் குழாயில் போய் வெடித்திருக்கிறது. இனிமேல் குடும்ப விஷயம், சினிமா விஷயம் எப்படி வேண்டுமானாலும் பேசலாம், வண்டி விஷயத்தை மட்டும் அவரவர் தாய்மொழியில் பேசுவது என்று அங்கேயே கைகொடுத்து முடிவு செய்தார்கள்.

"இனி நானே மாட்டித் தரட்டா?" என்று மலையாளத்தில் கேட்டான் ஜோபி.

"வேண்டாம். நான் செஞ்ச கோளாறு. நானே சரி பண்ணுதேன். நீ பக்கத்துல நின்னு பாரு" என்றார் சூசையப்பன், நல்ல தமிழில்.

இரண்டு நாள் பொறுமையாக வேலை பார்த்தார். அந்த மனிதர் பொறுமையாக ஒரு வேலையைப் பார்த்ததை எஸ்டேட் அதற்கு முன் கண்டதில்லை. பிய்ந்த குழாயை மாற்றி அகலமான புதுக் கிளிப்புகள் போட்டார். டேஷ்போர்டில் துளையிட்டு மீட்டரை மாட்டினார். காற்று வடிகட்டியைக் கழற்றினால் அதற்குள் ஈட்டிமேட்டுச் சிமெண்டுத் தூசியே ஒரு மூட்டை இருந்தது, அதையும் மாற்றினார். திருகை முழுவதும் தளர்த்திவிட்டு, கால் சுற்று இறுக்குவது, ஓட்டிப் பார்ப்பது, முள்ளைப் பார்ப்பது, மறுபடி கால் சுற்று என்று போனார். ஓரிடத்தில் முள் சிவப்புக் கோட்டுக்கு நன்றாக இந்தப் பக்கம் நின்றது. இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே என்று கை அரித்தது. சத்தியமாக அரித்தது. திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு முன்சீட்டில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு ஏறிப் பார்த்தார். ஜோபியை ஏற்றிக்கொண்டு ஏறினார். நடுவளைவில் வேண்டுமென்றே நிறுத்தி, நின்ற இடத்திலிருந்து மறுபடி கிளப்பிப் பார்த்தார். கார் ஜீப் மாதிரி பாயவில்லை. மூச்சு வாங்கி, நிதானமாக, ஆனால் நிற்காமல் ஏறியது. பெரியமுத்துகூடக் கடைக்கு வெளியே வந்து, "வே, பெட்டிக்கு உயிரு வந்துட்டு!" என்று கத்தினார்.

கத்தரீனாளைக் கூப்பிடத்தான் பயம். லயத்தில் பாதி சாமான்கள் மூட்டையாகிக் கிடந்தன. எந்த மூட்டை எந்த ஊருக்கு என்று அவள் சொல்லவில்லை. "ஒருக்கா வாரியா?" என்று வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார். ஹாரன் அடிக்கவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கட்டியிருந்த சேலையோடேயே வந்து ஏறினாள்.

வளைவில் முதல் கியர். முள் எழும்பியது, நின்றது. விசில் சீராகக் கேட்டது. சூசையப்பனுக்கு முதுகெல்லாம் வியர்வை. கண்ணாடியில் பார்த்தார், புகை இல்லை. வளைவு திரும்பியது, பாதை நிமிர்ந்தது, வீட்டுச் சுவர் தெரிந்தது. வாசற்படிக்கு ஓரடி தள்ளி வண்டியை நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

அவள் இறங்கினாள். ஆனால் வீட்டுக்குள் போகவில்லை. பின்கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறி, காலை மடக்கிப் படுத்துக்கொண்டாள்.

"என்னட்டி செய்யுத?"

"எனக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"ஐயோ! என்ன சொல்லுத?"

"வந்தா எப்படின்னு பாக்கணும்லா? வலின்னு வச்சுக்கிட்டு ஓட்டுங்க."

சூசையப்பன் காரைத் திருப்பினார். கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை. படுத்திருக்கிறவள் எப்படித் தெரிவாள்? கண்ணாடி வெறுமையாக இருந்தது. அது அவரை என்னவோ செய்தது. வளைவில் பிரேக்கை மெல்ல மெல்ல விட்டு, ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கினார். கன்னத்தில் ஓடிய கண்ணீரைத் துடைக்கக்கூட ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பெரியமுத்து கைகாட்டினார், இவர் கவனிக்கவில்லை. ரோட்டில் ஒரு குழியில் சக்கரம் விழுந்தபோது மட்டும் பின்னாலிருந்து குரல் வந்தது. "நோயாளிய இப்படியா கொண்டு போவாங்க? பாத்துப் போங்க."

எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். வாட்ச்மேன் பதறியடித்து ஓடிவந்து பின்சீட்டை எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லண்ணே. ஒத்திகை" என்றாள் கத்தரீனாள் படுத்தபடியே. பிறகு இவரிடம், "இனி வீட்டுக்குப் போங்க" என்றாள்.

லயத்துக்கா மேட்டுக்கா என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. ஈட்டிமேட்டுப் பக்கமே திருப்பினார். கான்கிரீட் பாதையில் ஏறியபோது பின்னால் சத்தமே இல்லை. வளைவில் முதல்நாள் வந்த 'மாதாவே'கூட இல்லை. முள் எழும்பி நின்றது, வண்டி ஏறியது, வாசல் வந்தது.

"கத்தரீனா" என்றார். பதில் இல்லை. "கத்தரீனா!" மறுபடியும் இல்லை. இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அவள் கண்ணைத் திறந்தாள். "ஏன் இப்படிக் கத்துதீங்க? நல்லாத் தூங்கிட்டு வந்தேன்."

எழுந்து உட்கார்ந்து, சேலையை உதறிக்கொண்டு, அவர் தோளைப் பிடித்து இறங்கினாள். வாசற்படியில் ஏறி நின்று வீட்டை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"கோயில் அச்சன்கிட்ட இன்னைக்கே போய்ச் சொல்லிருங்க. குடிவாரதுக்கு முன்ன வீடு மந்திரிக்கணும்" என்றாள். "அவரையும் இந்த வண்டியிலயே ஏத்திட்டு வாங்க."